ஓவியத்தில் தாய்

‘தாய்’ என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே நெஞ்சம் நெகிழும் இயல்பு நமக்கு உண்டு. பேசும் மொழியைத் தாய் என்கிறோம். பிறந்த நாட்டைத் தாய் என்கிறோம். பாயும் ஆற்றையும் அவ்வாறே அழைக்கிறோம். நம் மன்றத்தில் தமிழ்த்தாயை வாழ்த்தாமல் தொடங்கிய கூட்டம் ஒன்றேனும் உண்டா? இவ்வளவு போற்றும் நம்மை நோக்கி, ‘நீங்கள் தாயைப் பார்த்ததுண்டா?’ என்று ஒருவர் கேட்டால் சினம் வாராதா? எனக்கும் வந்தது. கேட்டவர் என் தாயாராக இருந்தபடியால் அச்சினம் சிந்தனையாக மாறியது. அச்சிந்தனையின் விளைவே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு ‘தாய்மை’ என்னும் பொருள் பற்றி நடந்த கவிதைப் போட்டி ஒன்றில் எனக்குப் பரிசு கிடைத்தது. தாராவியிலிருந்து உல்லாஸ்நகருக்குக் குடிபெயர்ந்த குடும்பம் எங்களுடையது. அன்றிரவு வீட்டில் அக்கவிதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா தரையில் அமர்ந்து ஜீன்ஸ் கால்சட்டைகளில் நூல் வெட்டிக்கொண்டிருந்தார். உல்லாஸ்நகர் ஜீன்ஸ் தையலுக்குப் பேர்போன ஊர் என்பதை நண்பர்கள் அறிவார்கள். தைத்து முடித்த கால்சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்முனைகளை வெட்டும் வேலை மூட்டை மூட்டையாக வீடுகளுக்கு வரும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. என் கவிதையில் தாயை மெழுகுவத்தி என்று பாடியிருந்தேன். தன்னை உருக்கி ஒளி தருபவள் என்று வருணித்திருந்தேன். அம்மா கத்தரிக்கோலை நிறுத்தாமலே கேட்டார். முடிந்ததும் சொன்னார்:

“நல்லாத்தாம்ல எழுதியிருக்க. ஆனா இதுல நான் எங்கல இருக்கேன்? மெழுகுவத்திதான இருக்கு.”

நான் விடை சொல்லவில்லை. அம்மாவின் தலைக்கு மேலே சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. அதில் யசோதை கண்ணனை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பட்டும் நகையும் அணிந்த அந்தத் தாயையும், கீழே நூல் வெட்டும் என் தாயையும் அன்றுதான் ஒருசேரப் பார்த்தேன். நம் ஓவியர்கள் தாயை எவ்வாறு வரைந்திருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கியதும் அன்றுதான்.

கடமைப் பட்டியல்

சமுதாயம் தாயிடம் எதிர்பார்ப்பது என்ன என்பதற்கு நம் இலக்கியத்திலேயே தெளிவான சான்று உண்டு. புறநானூற்றின் 312ஆம் பாடலை நாம் பள்ளியிலே படித்திருக்கிறோம். பொன்முடியார் பாடியது. ஒரு வீரன் உருவாவதில் யார் யாருக்கு என்னென்ன பொறுப்பு என்று அப்பாடல் பங்கிட்டுக் காட்டுகிறது. தந்தை, கொல்லன், அரசன், இறுதியில் அவ்வீரன் ஆகிய அனைவருக்கும் பங்கு உண்டு. தாயின் பங்கு பெறுவதும் பேணி வளர்ப்பதும். இதைச் சொல்பவளும் ஒரு தாயே. ஆயினும் மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பிய இரவில் அவள் உறங்கினாளா என்று கேட்க அப்பட்டியலில் இடமில்லை. பட்டியல் என்பது வேலையைச் சொல்லும். வேலை செய்பவரைச் சொல்லாது.

ஓவியமும் நெடுங்காலம் இத்தகைய பட்டியலாகவே இருந்தது. பின்னர் சிலர் அப்பட்டியலைக் கிழித்து ஆளைத் தேடினர். இவ்விரண்டையும் சில படங்களைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

வீட்டுத் தாய்

நம் வீட்டு நாட்காட்டிப் படங்களின் வரலாற்றில் முதலிடம் பெறுபவர் இரவிவர்மா. கிளிமானூரில் 1848இல் பிறந்து 1906இல் மறைந்தவர். அரண்மனைகளுக்கு எண்ணெய் வண்ணத்தில் தீட்டிக்கொண்டிருந்த அவர், 1894இல் மும்பையில் ஓர் அச்சகம் தொடங்கினார். அது பின்னர் லோனாவலாவை அடுத்த மளவலிக்கு மாறியது. கலியாணிலிருந்து கர்ஜத் செல்லும் இருப்புப்பாதையில் விட்டல்வாடிக்கும் அம்பர்நாத்துக்கும் இடையே இருப்பது எங்கள் உல்லாஸ்நகர் நிலையம். அதே பாதையில் மேலும் சென்று மலையேறினால் மளவலி வந்துவிடும். திருமகளும் கலைமகளும் யசோதையும் வண்ணத்தாளில் ஏறி, ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்தது அவ்வச்சகத்தின் வழியாகத்தான்.

அவருடைய ஓவியங்களுள் ‘அதோ அப்பா வருகிறார்’ என்பது ஒன்று, 1893இல் வரைந்தது. தம் மகள் மகாபிரபாவையே மாதிரியாக வைத்து வரைந்தார். கையில் குழந்தையோடு அவர் நிற்கிறார். அருகே ஒரு நாய். எல்லோருடைய கவனமும் படத்துக்கு வெளியே, வந்துகொண்டிருக்கும் தந்தையின் மீது இருக்கிறது. தந்தை படத்தில் இல்லை. ஆயினும் படம் முழுவதும் அவருக்காகவே காத்திருக்கிறது.

இதில் வியப்பு என்னவென்றால், அக்காலக் கேரளத்தில் அக்குடும்பங்கள் மருமக்கள் தாய முறையைப் பின்பற்றியவை. பிள்ளைகள் தாய்வீட்டைச் சேர்ந்தவர்கள். சொத்தும் தாய்வழியே செல்லும். தந்தை அவ்வீட்டிற்கு வந்து போகிறவர். அத்தகைய வீட்டுத் தாயையும், தந்தையின் வருகைக்காகக் காத்து நிற்பவளாகவே ஓவியர் காட்டினார். மாறிவரும் காலத்தின் விருப்பம் இதில் தெரிகிறது என்று கலை ஆராய்ச்சியாளர் கூறுவர்.

அந்த மகாபிரபாவின் பிற்கால வாழ்வையும் சொல்லவேண்டும். திருவிதாங்கூர் அரசமரபு பெண்வழியே தொடர்வது. அம்மரபில் பெண் வாரிசு இல்லாமற்போகவே, 1900இல் மகாபிரபாவின் சிறு மகள் அரச குடும்பத்திற்குத் தத்துக் கொடுக்கப்பட்டாள். அக்குழந்தையே 1924 முதல் 1931 வரை அரசப் பிரதிநிதியாக ஆட்சி செய்த சேது லட்சுமி பாயி. மகளைத் தத்துக் கொடுத்த நாளில் அத்தாயின் முகம் எப்படி இருந்தது? அதை எவரும் வரையவில்லை. குழந்தையை ஏந்தி நிற்கும் தாய் ஓவியத்துக்கு உகந்தவள். குழந்தையைக் கொடுத்துவிட்டு நிற்கும் தாய்க்கு ஓவியத்தில் இடமில்லை.

நாட்டுத் தாய்

வங்காளம் பிரிக்கப்பட்ட ஆண்டு 1905. சுதேசி இயக்கம் எழுந்த அந்நாளில் அவனீந்திரநாத் தாகூர் ‘பாரத மாதா’ என்னும் நீர்வண்ண ஓவியத்தைத் தீட்டினார். காவியுடை அணிந்த பெண், நான்கு கைகள். ஒன்றில் ஏடு, ஒன்றில் நெற்கதிர், ஒன்றில் வெண்துகில், ஒன்றில் செபமாலை. கல்வியும் உணவும் உடையும் அருளும் அவள் மக்களுக்கு வழங்குகிறாள். தலையைச் சுற்றி ஒளிவட்டம்; காலடியில் தாமரை.

அடிமை நாட்டு மக்களுக்கு அப்படம் அளித்த ஊக்கத்தைக் குறைத்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அத்தாயின் கைகள் நான்கும் கொடுக்கும் கைகள். வாங்கும் கை ஒன்றுகூட இல்லை. அவளுக்குப் பசி இல்லை, களைப்பு இல்லை, நோய் இல்லை. நாட்டைத் தாயாக்கியபோது தாயும் நாடாகிவிட்டாள். நாட்டுக்கு உறக்கம் எதற்கு, ஓய்வு எதற்கு? தாய்க்கு இரண்டு கை போதாது என்று நான்கு கை வைத்தோம். நாமும் சேர்ந்து இரண்டு கை கொடுக்கலாம் என்று எண்ணவில்லை.

நம் தமிழுக்கும் இது பொருந்தும். சுந்தரனார் 1891இல் வெளியிட்ட மனோன்மணீயத்தில் தமிழைத் தெய்வப் பெண்ணாக வாழ்த்தினார். அவ்வாழ்த்து 1970 முதல் தமிழ்நாட்டு அரசு விழாக்களில் ஒலிக்கிறது. காரைக்குடியில் தமிழ்த்தாய்க்குக் கோயிலே உண்டு. அத்தாய்க்கு என்றும் முதுமை இல்லை. அதனாலேயோ என்னவோ, நம் வீட்டில் முதுமையடையும் தாயைக் காண நமக்கு நேரமில்லை.

ஏழைத் தாய்

முப்பது ஆண்டுகள் சென்றன. 1935இல் அமிர்தா சேர்கில் என்ற இளம்பெண் ‘அன்னை இந்தியா’ என்று பெயரிட்டு ஓர் ஓவியம் தீட்டினார். அவருடைய தாய் அங்கேரி நாட்டவர்; தந்தை சீக்கியர். பாரிசில் ஓவியம் பயின்று 1934இல் இந்தியா திரும்பியவர். ‘அன்னை இந்தியா’ என்ற பெயர் அக்காலத்தில் நெருப்புப் போன்றது. 1927இல் காதரின் மேயோ என்னும் அமெரிக்கர் அதே பெயரில் ஒரு நூல் எழுதினார். இந்தியப் பெண்கள் படும் துன்பத்தைக் காட்டி, இந்தியர் தன்னாட்சிக்குத் தகுதியற்றவர் என்று வாதித்த நூல் அது, நாடே கொதித்தது.

சேர்கிலின் படம் இகழவும் இல்லை, புகழவும் இல்லை. ஓர் ஏழைத் தாய் தன் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கிறாள். ஒளிவட்டம் இல்லை, தாமரை இல்லை, கைகள் இரண்டே. மண்ணும் இருளும் கலந்த நிறங்கள். அவள் முகத்தில் புன்னகையும் இல்லை. பாரத மாதாவைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். இவளைப் பார்த்தால், ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்கத் தோன்றும். ஓவியத்தில் தாய் கண்ட பெரிய மாறுதல் இதுவே என்பது என் கருத்து.

அதே 1935இல் அவர் தீட்டிய ‘மூன்று பெண்கள்’ என்னும் ஓவியம் 1937இல் பம்பாய்க் கலைக் கழகத்தின் பொற்பதக்கம் பெற்றது. மூன்று இளம்பெண்கள் கண்களைத் தாழ்த்தி அமர்ந்திருக்கிறார்கள். பேச்சில்லை. தங்களுக்காகப் பிறர் முடிவு செய்துவிட்ட ஒன்றுக்குக் காத்திருப்பவர்கள் போல் இருக்கிறார்கள். நாளைய தாய்மார் அவர்கள். தாயாவதற்கு முன்னே அவர்களுக்கும் ஓர் உள்ளம் உண்டு என்பதை அப்படம் நமக்கு நினைவூட்டுகிறது.

இதே பெயர் 1957இல் திரைக்கும் வந்தது. மெகபூப் கானின் ‘மதர் இந்தியா’வில் நர்கீஸ் தாயாக நடித்தார். ஊர்ப் பெண்ணின் மானத்தைக் காக்கத் தன் மகனையே சுட்டு வீழ்த்தும் தாய் அவள். மக்கள் கண்ணீர் சொரிந்து பார்த்தனர். தாய் எவ்வளவு இழக்கிறாளோ அவ்வளவு கைதட்டல் என்ற கணக்கு அப்போதும் மாறவில்லை.

தூரிகை பிடித்த கைகள்

இனி ஒரு வினா. தாயாகும் பெண்ணே தூரிகையைப் பிடித்தால் என்ன நிகழும்?

சென்னை அரசு கலைக் கல்லூரியில் கே. சி. எஸ். பணிக்கரிடம் பயின்றவர் டி. கே. பத்மினி. மலையாள நாட்டின் பொன்னானிப் பகுதியில் 1940இல் பிறந்தவர். நாட்டுப்புறத்துப் பெண் ஒருத்தி ஓவியம் கற்கத் தனியே சென்னைக்கு வருவது அந்நாளில் எளிய செயலன்று. பெண்ணின் உடலைப் பிறர் கண்டு மகிழும் பொருளாக வரையாமல், அவளே உள்ளிருந்து உணரும் உடலாக வரைந்தவர் அவர். பட்டம் பறக்கவிடும் பெண் ஒருத்தியை அவர் வரைந்த படம் பலருக்கும் பிடித்த ஒன்று. ஓவியரையே மணந்தார். 1969 மே மாதம் பிள்ளைப்பேற்றின்போது உயிர் துறந்தார். இருபத்தொன்பது வயது அளவே ஆகியிருந்தது. தாய்மையைத் தியாகம் என்று மேடையில் முழங்குகிறோமே, அச்சொல்லின் விலை இது.

இவரை நினைக்கும்போது செருமானிய நாட்டுப் பவுலா மோடர்சோன்-பெக்கர் நினைவுக்கு வருகிறார். கணவரைப் பிரிந்து பாரிசில் தனித்து வாழ்ந்த அவர், 1906இல் தம் ஆறாம் மணநாளன்று தம்மையே வரைந்தார். கருவுற்ற பெண்ணாக வரைந்தார். அப்போது அவர் கருவுற்றிருக்கவில்லை. வயிற்றில் சுமப்பது பிள்ளையையா, கலையையா என்று இன்றும் பலர் ஆராய்கின்றனர். மறு ஆண்டு நவம்பரில் மகளைப் பெற்றார். மூன்று வாரம் முடிவதற்குள் மறைந்தார். கடல்களுக்கு அப்பால் வாழ்ந்த இருவருக்கும் ஒரே முடிவு. ஆண் ஓவியர்க்குத் தாய் என்பது ஒரு தலைப்பு. பெண் ஓவியர்க்கோ உயிரோடு ஒட்டிய கேள்வி.

ஏதிலித் தாய்

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். உல்லாஸ்நகர் இரண்டாம் உலகப்போரின்போது படைவீரர் தங்கிய கலியாண் முகாம். பிரிவினைக்குப் பின் சிந்து நாட்டிலிருந்து வந்த ஏதிலிகளுக்கு அப்பாசறைகளே வீடுகளாயின. 1949 ஆகஸ்டு 8ஆம் நாள் அங்கே அடிக்கல் நாட்டி, உல்லாஸ் ஆற்றின் பெயரால் ஊருக்குப் பெயரும் சூட்டியவர் அன்றைய தலைமை ஆளுநர் இராசகோபாலாச்சாரியார். இந்தச் சிந்தி ஊருக்குப் பெயரிட்டவர் ஒரு தமிழர் என்பது நம்மில் பலரும் அறியாத செய்தி.

அதே 1949இன் இறுதியில் அரசியல் நிர்ணய மன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பிரிவினைக் கலவரத்தில் கடத்தப்பட்ட பெண்களை மீட்டுத் திருப்பி அனுப்பும் சட்டம். அக்கொடுமை மிகுதியாக நிகழ்ந்தது பஞ்சாபிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் ஆகும். நோக்கம் நல்லதே. ஆனால் திரும்ப விருப்பமா என்று அப்பெண்ணைக் கேட்கவேண்டும் என்னும் விதி அதில் இல்லை. கடத்தப்பட்ட இடத்திலே பிள்ளை பெற்ற பெண்கள் பலர், பிள்ளையை விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. சில வீடுகள் மகளை ஏற்றன. அவள் குழந்தையை ஏற்கவில்லை. தாய் தெய்வம் என்று சொல்லும் சமுதாயம், எந்தத் தாய் தெய்வம், எந்தத் தாய் களங்கம் என்று வரம்பும் வகுத்தது.

இந்தக் காயத்தைக் கலையாக்கியவர் நளினி மலானி. கராச்சியில் 1946இல் பிறந்தவர். மறு ஆண்டே அவர் குடும்பம் ஏதிலியாகக் கல்கத்தா வந்து, பின்னர் பம்பாயில் குடியேறியது. நம் நகரின் சர் ஜே. ஜே. கலைப் பள்ளியில் பயின்று ஓவியராகத் தொடங்கிய அவர், பின்னர் அசையும் படங்களையும் தம் கலைக்குக் கருவியாக்கினார். 2005இல் அவர் ஐந்து திரைகளில் ஓடும் ஒரு படைப்பை உருவாக்கினார். அதன் பெயரும் ‘அன்னை இந்தியா’வே. மானிடவியல் அறிஞர் வீணா தாஸ் பிரிவினைப் பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரை அதற்குத் தூண்டுகோல். நாட்டைப் பெண்ணாகக் காட்டும் வழக்கம், கலவரம் மூளும் நாளில் பெண்ணின் உடலையே நாடாகக் கருதித் தாக்கும் வழக்கமாக மாறுவதை அப்படைப்பு உணர்த்துகிறது.

1905, 1935, 2005. நூறு ஆண்டுகளில் ஒரே பெயருக்கு மூன்று படங்கள். முதற்படத்தில் தாய் கொடுக்கிறாள். இரண்டாம் படத்தில் களைத்து அமர்ந்திருக்கிறாள். மூன்றாம் படத்தில் ‘உங்கள் பெயரால் என்னை என்ன செய்தீர்கள்?’ என்று நம்மைக் கேட்கிறாள்.

நாம் செய்யக்கூடியது

‘தாயைப் போற்றுவது குற்றமா?’ என்று நண்பர்கள் கேட்கலாம். குற்றமன்று. ஆனால் போற்றுதல் செலவில்லாதது. மெழுகுவத்தி என்று பாடியவன் விளக்கை ஏற்ற எழுந்திருக்க வேண்டியதில்லை. உயரமான பீடத்தில் ஒருவரை வைத்துவிட்டால் அவர் முகம் நமக்குத் தெரியாது. பாதம் மட்டுமே தெரியும். பாதத்தைத் தொட்டு வணங்கிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். நல்ல ஓவியர்கள் தாயைப் பீடத்திலிருந்து இறக்கி நம் எதிரே அமர்த்தினார்கள். அவளை இழிவு செய்வதற்காக அன்று; முகத்தைப் பார்ப்பதற்காக.

ஓவியத்தைப் பார்க்கும் நண்பர்களுக்கு நான் கண்ட எளிய வழி ஒன்றைச் சொல்கிறேன். தாயின் படத்தைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அவள் கண்கள் எங்கே நோக்குகின்றன? அவள் கைகள் என்ன செய்கின்றன? குழந்தையை எடுத்துவிட்டால் அங்கே ஓர் ஆள் மிஞ்சுகிறாளா? சர்ச்கேட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் சகாங்கீர் கலைக்கூடம் இருக்கிறது. தேசிய நவீனக் கலைக்கூடமும் அருகிலேயே இருக்கிறது. ஒரு பிற்பகலை அங்கே செலவிடலாம்.

நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் சேர்கிலின் ‘அன்னை இந்தியா’வை அம்மாவிடம் காட்டினேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். “பாவம், பிள்ளைகளுக்குப் பசில. இவளுக்கு இடுப்பு வலி. நேரா உக்கார முடியல, பாரு” என்றார். சற்றுப் பொறுத்து, “இதப் போட்டவ இவகிட்ட உக்காந்து பேசியிருப்பாளோ?” என்று கேட்டார்.

அன்று நானும் அம்மாவின் பக்கத்தில் அமர்ந்தேன். ஒரு கால்சட்டையை எடுத்து நூல் வெட்டிக்கொண்டே கேட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார்களாம். கணக்கில் அவர்தான் முதலாம். ஊர்ப் பள்ளியில் ஆசிரியை ஆகவேண்டும் என்று எண்ணியிருந்தாராம். இருபது ஆண்டுகள் ஒரே அறையில் உடன் வாழ்ந்தும் இது எனக்குத் தெரியாது. என் பரிசுக் கவிதையில் இதில் ஒரு சொல்லும் இல்லை.

ஆதலின் நம் மன்றத்திற்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு ‘தாய்மை’ என்று தலைப்புக் கொடுக்க வேண்டாம். ‘என் தாய் என்ன ஆக விரும்பினார்?’ என்று கொடுங்கள். கற்பனை வேண்டா, உவமை வேண்டா, வீட்டில் கேட்டு எழுதினால் போதும். வரையத் தெரிந்தவர்கள் வரையட்டும். அக்கட்டுரைகளும் படங்களும் இம்மலரில் வெளிவரட்டும். அம்மலரை நான் உல்லாஸ்நகருக்கு எடுத்துச் சென்று ஒருவருக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.